கனவு நடனம்: ஆடியவர் கலையா, தொகுத்தவர் கலையா?

திரையில் ஒரு நடனமணி துள்ளி எழுகிறார். எழுந்தவர் இறங்காமல் காற்றில் மிதக்கிறார். ஒருவர் இருவராகிறார், இருவர் எட்டுப் பேராகிறார்கள். காட்டில் தூக்கிய கால் வீட்டுக் கூடத்தில் இறங்குகிறது. கனவில் நடப்பதெல்லாம் கண்ணெதிரே நடக்கிறது. இத்தகைய காட்சிகளைக் கண்டு வியப்பவர்கள் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. இந்தக் கனவைப் படைத்தவர் யார்? வியர்வை சிந்தி ஆடியவரா? இருட்டறையில் அமர்ந்து படத்தை வெட்டி ஒட்டியவரா?

இன்று கைத்தொலைபேசியிலேயே இந்த வித்தைகளைச் செய்துவிட முடிகிறது. அதனால் இது புதிய கேள்வி என்று பலர் நினைக்கலாம். உண்மையில் இதற்கு வயது 130 ஆண்டுகளுக்கு மேல். திரைப்படம் பிறப்பதற்கு முன்பே, ஒரு நீதிமன்றத்தில் இந்த வழக்கு தொடங்கிவிட்டது.

பட்டுத் துணியும் பறிபோன பெயரும்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1862ஆம் ஆண்டு பிறந்தவர் லோய் ஃபுல்லர். மேடையில் கனவுத் தோற்றத்தை உருவாக்குவதில் அவர் முன்னோடி. பல கெஜம் பட்டுத் துணியை உடுத்தி, அதனுள்ளே இரு கைகளிலும் நீண்ட கோல்களைப் பிடித்துச் சுழற்றுவார். வண்ண விளக்குகள் பக்கங்களிலிருந்து அந்தப் பட்டின்மேல் பாயும். பார்ப்பவர்களுக்குப் பெண் உருவம் மறைந்து, ஒரு நொடி பூவாகவும், மறுநொடி தீயாகவும், பிறகு பறவையாகவும் தெரியும். இதற்குப் ‘பாம்பு நடனம்’ என்று பெயர் வந்தது.

தம் நடனத்தை வேறொருவர் ஆடுவதைக் கண்ட ஃபுல்லர், 1892ஆம் ஆண்டு நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். தீர்ப்பு அவருக்குப் பாதகமாக அமைந்தது. இந்த நடனத்தில் கதை இல்லை, கதாபாத்திரம் இல்லை, துணியும் வெளிச்சமும் சேர்ந்த அழகிய அசைவுகள் மட்டுமே உள்ளன, ஆகவே இதை நாடகப் படைப்பாகக் கருதிப் பதிப்புரிமை வழங்க முடியாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. ஃபுல்லர் சளைக்கவில்லை. நடனத்துக்குக் கிடைக்காத பாதுகாப்பை, 1894ஆம் ஆண்டு தம் உடைக்கான காப்புரிமையாகப் பெற்றுக்கொண்டார்.

அதே காலத்தில்தான் திரைப்படக் கருவி வந்தது. 1894, 1895ஆம் ஆண்டுகளில் எடிசன் நிறுவனம் பாம்பு நடனத்தைப் படமெடுத்தது. ஆடியவர் ஃபுல்லர் அல்லர். அனபெல் விட்ஃபோர்டு என்ற இளம்பெண். படச்சுருளில் ஒவ்வொரு படமாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். மேடையில் விளக்கு செய்த வேலையைத் திரையில் தூரிகை செய்தது. நடனப் படத்தில் கனவுத் தோற்றம் கொண்டுவர மனிதர் செய்த முதல் முயற்சிகளுள் இது ஒன்று. ஆனால், அந்தக் கனவைக் கண்டவரின் பெயர் அதில் இல்லை.

முழு உடலும் தெரிய வேண்டும்

கேமராவின் வித்தைகள் வளர வளர, ஆடுபவர்களிடையே அச்சமும் வளர்ந்தது. ஹாலிவுட்டில் 1930களில் புகழ் பெற்ற ஃபிரெட் அஸ்டேர் இதில் உறுதியான கொள்கை உடையவர். ஆடும்போது தலை முதல் பாதம் வரை முழு உடலும் திரையில் தெரிய வேண்டும், இடையிடையே வெட்டுவது மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்பார். ஆடுபவர் உடல் முழுவதும் சேர்ந்துதான் பேசுகிறது; காலை விட்டுவிட்டு முகத்தை மட்டும் காட்டினால் பாதி வாக்கியத்தை அழித்தது போலாகும். இது நியாயமான கட்சி.

அப்படிப்பட்ட அஸ்டேரே 1938இல் வெளிவந்த ‘கேர்ஃப்ரீ’ படத்தில் ஒரு கனவு நடனத்தை ஸ்லோ மோஷனில் எடுக்க இணங்கினார். ஜிஞ்சர் ரோஜர்ஸ் அவருடன் ஆடினார். இதன் செய்முறை எளிது. திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடும். எடுக்கும்போது வினாடிக்கு 48 படங்கள் எடுத்தால், திரையில் அசைவு பாதி வேகத்துக்குக் குறையும். பூமியின் ஈர்ப்பு தளர்ந்தது போன்ற உணர்வு பார்ப்பவருக்கு உண்டாகும். அஸ்டேர் இங்கே தம் கொள்கையைக் கைவிட்டார் என்று சொல்வதற்கில்லை. உடல் முழுவதும் தெரிந்தது. ஆட்டத்தின் தொடர்ச்சியும் காப்பாற்றப்பட்டது. மாறியது காலம் மட்டுமே.

ஒரு கால், இரண்டு இடங்கள்

அடுத்த பெரும் மாற்றத்தைச் செய்தவர் பெரிய நிறுவனம் எதையும் சாராத ஒரு பெண். கீவ் நகரில் 1917ஆம் ஆண்டு பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோருடன் அமெரிக்காவில் குடியேறியவர் மாயா டெரன். நடனக் கலைஞர் கேத்தரின் டனமிடம் செயலாளராகப் பணியாற்றியவர். அந்த நடனக் குழுவில் ஆடியவர் டாலி பீட்டி என்ற கறுப்பின இளைஞர். இருவரும் சேர்ந்து 1945ஆம் ஆண்டு, ஒரு சிறிய 16 மில்லிமீட்டர் கேமராவை வைத்துக்கொண்டு, சில நிமிடங்களே ஓடும் ஒரு மௌனப் படத்தை எடுத்தார்கள். ‘கேமராவுக்காக ஒரு நடன ஆய்வு’ என்பது அதன் பெயரின் பொருள்.

படம் மரங்களிடையே தொடங்குகிறது. கேமரா மெல்லச் சுற்றி வருகிறது. வழியில் பீட்டி ஓரிடத்தில் தெரிகிறார். சற்றுத் திரும்பினால் இன்னோர் இடத்திலும் அவரே தெரிகிறார். பிறகு அவர் ஒரு காலைத் தூக்குகிறார். தூக்கிய கால் கீழே வரும்போது அது வீட்டுக் கூடத்தின் தரையில் படிகிறது. அங்கிருந்து அருங்காட்சியகக் கூடத்துக்குப் போகிறார். பல முகங்கள் கொண்ட ஒரு சிலையின் முன்னால் சுழலத் தொடங்குகிறார். மெதுவாகத் தொடங்கிய சுழற்சி, முகமே அடையாளம் தெரியாத வேகத்தை எட்டுகிறது. இறுதியில் ஒரு தாவல். எந்த மனித உடலாலும் அவ்வளவு நேரம் காற்றில் நிற்க முடியாது. பல துண்டுகளாக எடுத்த தாவல்களை ஒன்றாக இணைத்தே அது உருவாக்கப்பட்டது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. டெரன் இடத்தை வெட்டினார், அசைவை வெட்டவில்லை. கால் எழுந்த வேகமும் இறங்கிய வேகமும் ஒன்றாகவே இருந்தன. அதனால்தான் கண் அந்தப் பொய்யை நம்புகிறது. காட்டில் பாதியும் கூடத்தில் பாதியுமாகத் துல்லியமாக ஆடிக் கொடுத்தவர் பீட்டி. அவருடைய உடற்கட்டுப்பாடு இல்லாவிட்டால் எந்தக் கத்தரிக்கோலாலும் அந்த இரு துண்டுகளை ஒட்டவைத்திருக்க முடியாது.

டெரன் இதை உணர்ந்திருந்தார். படத்தின் பெயர்ப் பட்டியலில் தம் பெயருடன் டாலி பீட்டியின் பெயரையும் படைத்தவர் என்ற இடத்தில் சேர்த்தார். கறுப்பினத்தவர் பல உணவகங்களுக்குள்ளும் அரங்குகளுக்குள்ளும் நுழைய முடியாதிருந்த அமெரிக்காவில், 1945ஆம் ஆண்டு, இது சாதாரணச் செயல் அன்று. ஃபுல்லருக்கு நீதிமன்றம் தர மறுத்ததை, பீட்டிக்கு ஒரு படத்தொகுப்பாளர் தாமாகவே தந்தார்.

1948: லண்டனும் சென்னையும்

மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரே ஆண்டில், உலகின் இரு மூலைகளிலிருந்து இரண்டு கனவு நடனப் படங்கள் வந்தன. இரண்டும் 1948ஆம் ஆண்டின் படைப்புகள்.

முதலாவது பிரிட்டனிலிருந்து வந்த ‘தி ரெட் ஷூஸ்’. மைக்கேல் பவல், எமெரிக் பிரஸ்பர்கர் இருவரும் இயக்கிய இப்படத்தின் நடுவே கால் மணி நேர அளவில் ஒரு பாலே நடனம் வருகிறது. மேடையில் தொடங்கும் நடனம், சிறிது நேரத்தில் எந்த மேடையிலும் அடங்காத உலகத்துக்குள் நுழைந்துவிடுகிறது. காற்றில் பறந்து வரும் செய்தித்தாள் ஒரு மனிதனாக மாறி நாயகியுடன் ஆடுகிறது. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப், ஆடுபவர் தாவலின் உச்சியை அடையும் கணத்தில் கேமராவின் வேகத்தை மாற்றி, அவர் சற்று நேரம் அங்கேயே தங்கி நிற்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார். ஆடிய மொய்ரா ஷியரர் திரைக்கென்று பிடித்து வந்த அழகி அல்லர். முறையாகப் பயின்ற மேடைக் கலைஞர். உச்சிவரை எழும் திறன் அவரிடம் இருந்ததால்தான், அந்த உச்சியை நீட்டிக் காட்ட ஒளிப்பதிவாளரால் முடிந்தது.

இரண்டாவது படம் தமிழர்களுக்கு நெருக்கமானது. உதய்சங்கரின் ‘கல்பனா’ சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவானது. உதய்சங்கர் 1923இல் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவுடன் ஆடி உலகப் புகழ் பெற்றவர். இமயமலை அடிவாரத்தில் அல்மோராவில் அவர் நடத்திய கலை மையம் 1940களின் நடுவில் மூடப்பட்டது. அந்தக் கனவு கலைந்த பிறகு, அதையே படமாக எடுக்கச் சென்னைக்கு வந்தார். இயக்கியவரும் அவரே, ஆடியவரும் அவரே. மனைவி அமலா சங்கர் உடன் ஆடினார். பிற்காலத்தில் நாட்டியப் பேரொளி என்று தமிழ் மக்கள் கொண்டாடிய பத்மினி, இளம்பெண்ணாக இப்படத்தில் தோன்றினார். ஒளிப்பதிவு செய்தவர், பின்னர் ‘ஏழை படும் பாடு’, ‘மர்மயோகி’ படங்களை இயக்கிய கே. ராம்நாத்.

ஓர் எழுத்தாளர் திரைப்பட முதலாளியிடம் தம் கதையைச் சொல்கிறார். அந்தக் கதையே படமாக விரிகிறது. கதைக்குள் கனவு, கனவுக்குள் நடனம் என்று அடுக்கடுக்காகப் போகிறது. நிழல்கள் பெரிதாகி ஆடுகின்றன. மனிதர்கள் இயந்திரங்களாக மாறுகிறார்கள். ஓர் உருவத்தின்மேல் இன்னோர் உருவம் படிகிறது. அந்தக் காலத்தில் ஒரு படத்தின்மேல் இன்னொரு படம் பதிய வேண்டுமானால், எடுத்த சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, படங்களை எண்ணி, அதன்மீதே மீண்டும் எடுப்பது வழக்கமான முறைகளுள் ஒன்று. எண்ணிக்கை தவறினால் இரண்டு காட்சிகளும் வீண். ஆடுபவர் எந்தத் தாளத்தில் எங்கே நிற்பார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருக்க வேண்டும். உதய்சங்கர் போன்ற நடன ஆசிரியரே இயக்குநராகவும் இருந்தது இதற்குப் பெருந்துணை. இந்தப் படத்தில் ‘ஆடியவரா, தொகுத்தவரா’ என்ற வழக்குக்கே இடமில்லாமல் போனது.

வணிக ரீதியில் ‘கல்பனா’ வெற்றி பெறவில்லை. ஆனால், அதன் விதை வேறிடத்தில் முளைத்தது. உதய்சங்கருடன் முன்பு ஆடிய பிரெஞ்சு நடனமணி சிம்கி, 1951இல் ராஜ்கபூரின் ‘ஆவாரா’ படத்தில் வரும் புகழ்பெற்ற கனவுக் காட்சிக்கு நடனம் அமைத்தார். மேகங்களுக்கிடையே படிக்கட்டுகளும் பெரும் சிலைகளும் தோன்றும் அந்தக் காட்சிக்குப் பின், இந்தியத் திரையில் கனவுப் பாட்டு என்பதே ஒரு மரபாகிவிட்டது. ‘கல்பனா’ படச்சுருளோ பல ஆண்டுகள் கவனிப்பாரின்றிச் சிதைந்தது. உலகத் திரைப்பட அறக்கட்டளையின் முயற்சியால் அது புதுப்பிக்கப்பட்டு, 2012ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அப்போது 90 வயதைக் கடந்திருந்த அமலா சங்கர் நேரில் வந்து, இளமைக் காலத்தில் தாம் ஆடியதை மீண்டும் திரையில் கண்டார். 2020ஆம் ஆண்டு தம் 101ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பதினொரு நிழல்கள்

தொகுப்பு மேசையில் பிறந்த கனவுகளுள் மிக அழகியது எது என்று கேட்டால், 1968ஆம் ஆண்டு கனடாவில் உருவான ‘பா டி டூ’ படத்தையே பலரும் சொல்வார்கள். ‘இருவர் ஆட்டம்’ என்பது இதன் பொருள். இயக்கியவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியாற்றிய நார்மன் மெக்லாரன். ஆடியவர்கள் மார்கரெட் மெர்சியர், வின்சென்ட் வாரன். நடன அமைப்பு லுட்மிலா சிரியேஃப். ஓடும் நேரம் 13 நிமிடங்கள்.

கறுப்புத் தரை, கறுப்புப் பின்னணி, வெள்ளை உடை. விளக்குகள் பின்னாலும் பக்கங்களிலும் இருந்ததால் உடலின் விளிம்பு மட்டும் வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. இப்படி எடுத்த படத்தை, ஆப்டிகல் பிரிண்டர் என்ற கருவியில் வைத்து, ஒரே சுருளின்மீது மீண்டும் மீண்டும் பதித்தார் மெக்லாரன். ஒவ்வொரு முறையும் அசைவு சிறிது பிந்தித் தொடங்குமாறு செய்தார். சில இடங்களில் 11 முறைவரை இவ்வாறு பதிந்தது. கை உயரும்போது அதன் பின்னாலேயே பதினொரு கைகள் விசிறிபோல விரிகின்றன.

மலையடிவாரத்தில் நின்று குரல் கொடுத்தால் எதிரொலி ஒன்றன்பின் ஒன்றாக வந்து அடங்கும் அல்லவா? இது கண்ணுக்கு வரும் எதிரொலி. நடனமணி அசைவை நிறுத்தும்போது, பின்தங்கிய உருவங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்து, கடைசியில் ஒரே பெண்ணாகின்றன. படம் முழுவதற்கும் உயிர் கொடுப்பது இந்த நிற்றல்தான். ஓயாமல் ஆடிக்கொண்டே இருந்தால் திரை முழுவதும் வெள்ளைக் குழப்பமாகியிருக்கும். எங்கே அசைய வேண்டும், எங்கே அசையாமல் நிற்க வேண்டும் என்பது நடனத்திலேயே தீர்மானமாகியிருந்ததால், தொழில்நுட்பம் அதற்குப் பின்பாட்டுப் பாடியது.

கணினி வந்த பிறகு

மெக்லாரன் அரும்பாடுபட்டுச் செய்ததை இன்று கணினி சில நொடிகளில் செய்கிறது. 1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்’ மென்பொருளில், உருவங்களை இப்படிப் பிந்திப் பிந்திக் காட்டும் வசதிக்கு ‘எக்கோ’, அதாவது எதிரொலி என்றே பெயர். கலைத்து மறையவைப்பது, மேலடுக்காகப் பதிப்பது, மங்கலாக்குவது எல்லாம் ஒரு சொடுக்கில் கிடைக்கின்றன. வசதி பெருகியதில் தவறில்லை. ஆனால், எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அதனால் விளைந்த சேதத்தை நம் அரங்கேற்ற ஒளிப்பதிவுகள் சிலவற்றிலும் காணலாம்.

ஓர் எடுத்துக்காட்டு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தொலைக்காட்சி முறைப்படி வினாடிக்கு 25 படங்கள். அப்படி எடுத்த காட்சியைப் பிறகு கணினியில் கால் பங்கு வேகத்துக்குக் குறைத்தால், திரையில் ஓடும் நான்கு படங்களில் ஒன்றுதான் உண்மையில் எடுத்த படம். மற்ற மூன்றையும் கணினி ஊகித்து வரைகிறது. மெல்ல நகரும் சேலைத் தலைப்பில் அந்த ஊகம் பலிக்கும். விரைந்து மாறும் முத்திரைகளில் விரல்கள் குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கத்தரிமுகம் எது, மயூரம் எது என்று தெரியாமல் போகும். காட்சியை மெதுவாகக் காட்டுவதென்றால் அதை எடுக்கும்போதே கூடுதல் படங்களுடன் எடுத்திருக்க வேண்டும். 1938லேயே தெரிந்த பாடம் இது.

இன்னொன்று, காட்சிகளைக் கலைத்து இணைப்பது. பரதநாட்டியத்தில் பாதம் தரையைத் தட்டும் கணம் தாளத்தின் உயிர். சரியாக அந்தக் கணத்தில் ஒரு காட்சி கரைந்து மற்றொன்று தோன்றினால், காதுக்குத் தட்டு கேட்கும். கண்ணுக்குக் கால் தெரியாது. தீர்மானம் முடிந்து நடனமணி அசையாமல் நிற்கும்போது கலைத்தால் கனவும் கிடைக்கும், தாளமும் பிழைக்கும். இதை அறிய மென்பொருள் படிப்பு மட்டும் போதாது. தொகுப்பவர் ஒருமுறையாவது குருவின் அருகில் அமர்ந்து ஜதியைக் கேட்டிருக்க வேண்டும்.

தீர்ப்பு எது?

லோய் ஃபுல்லர் தோற்ற வழக்கில் காலம் அவருக்குச் சார்பாகத் திரும்பியது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், நடன அமைப்பைப் பாதுகாக்கத்தக்க படைப்பு என்று வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், படைப்பாளர்களுக்கும் மேடையில் நிகழ்த்தும் கலைஞர்களுக்கும் தங்கள் பெயர் குறிப்பிடப்படும் உரிமையை அளித்தது. ஆடும் உடலே இல்லாமல், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நடனக் காட்சியை உருவாக்கும் காலம் வந்துவிட்ட நிலையில், இந்த உரிமையின் மதிப்பு இன்னும் கூடுகிறது. அத்தகைய காட்சிகளும், யாரோ ஒருவர் என்றோ ஆடிய ஆட்டங்களைப் பார்த்துக் கற்றவையே.

ஆக, கனவு நடனம் ஆடியவர் கலையா, தொகுத்தவர் கலையா? வரலாற்றைப் புரட்டினால் விடை தெளிவாகவே தெரிகிறது. அஸ்டேர், பீட்டி, ஷியரர், உதய்சங்கர், மெர்சியர் ஆகியோரின் கனவுக் காட்சிகள் இன்றும் வாழ்கின்றன. அவற்றிலிருந்து வித்தைகளை நீக்கினாலும் அங்கே ஒரு நல்ல நடனம் எஞ்சி நிற்கும். அந்த நடனம் இருந்ததால்தான் தொகுத்தவருக்குக் கனவு காணும் துணிவு வந்தது. ஆட்டம் இல்லாத இடத்தில் எத்தனை அடுக்குப் புகை போட்டாலும் அது புகையாகவே இருக்கும்.

அடுத்த முறை நம் வீட்டுப் பிள்ளைகளின் நடனத்தைப் படமாக்கித் தொகுக்கக் கொடுக்கும்போது, பெற்றோர் இரண்டு வேண்டுகோள்களை மறவாமல் வைக்கலாம். ஒன்று, கால் தரையைத் தொடும் கணத்தை மறைக்க வேண்டாம். மற்றொன்று, ஆடியவர், நடனம் அமைத்தவர், நட்டுவாங்கம் செய்தவர், தொகுத்தவர் ஆகிய அனைவரின் பெயர்களும் இறுதியில் வர வேண்டும். 1892இல் ஃபுல்லர் நீதிமன்றத்தில் நின்று கேட்டது, இதைவிட அதிகமான ஒன்றை அன்று.